80 அந்தர் வெங்காயத்தை எங்கே வைப்பது?

ஆவணி பிறந்து ஒரு கிழமைக்குள் கிண்ட வேண்டும். ஒரு ஏக்கர் தோட்டம், திருகோணமலைப் பக்கம் கும்புறுபிட்டி மணல். கண் கணக்குக்கு 80 அந்தர் சின்ன வெங்காயம் வரும், அதாவது நாலாயிரம் கிலோவுக்குச் சற்று மேல். ஐப்பசியில் மழை தொடங்கிவிடும். இடையில் கையில் இருப்பது ஏறத்தாழ ஐம்பது நாள் வெயிலும் கச்சான் காற்றும். அதற்குள் வெங்காயத்தை எப்படிக் காயவைப்பது, எங்கே வைப்பது என்று முடிவு செய்துவிட்டுத்தான் இந்த வருடம் மண்வெட்டியைத் தொடுவேன். போன வருடம் அப்படிச் செய்யவில்லை.

போன வருடம் தோட்டத்தில் மூன்று நாள் காயப்போட்டேன். மேல்தோல் சரசரவென்று வந்துவிட்டது. சரி, காய்ந்துவிட்டது என்று வெங்காயத் தாளை வெட்டி உரப்பைகளில் கட்டி, வீட்டு விறாந்தையில் 22 பையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரு புளித்த வாடை. நடுவில் இருந்த பையை அவிழ்த்துக் கையை விட்டால், அடைகாக்கும் கோழியின் வயிற்றுக்கு அடியில் கை விட்டதுபோல வெதுவெதுப்பு. வெளியே எடுத்த வெங்காயம் பார்வைக்கு நல்லாய்த்தான் இருந்தது. ஒரு தோலை உரித்தேன்: அடுத்த தோலில் கரி பூசியதுபோலக் கறுப்புத் தூள். ஒன்பது பை வாய்க்கால் ஓரத்துக்குப் போனது.

பெரியம்மா வந்து பார்த்தா. பையில் இருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து, கழுத்தைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினா.

"தோலைப் பாத்து ஏமாந்திட்டாய் தம்பி. கழுத்துக்குள்ள இன்னும் தண்ணி நிக்குது, வழுக்குது பார்" என்றா.

அவ சொன்ன அந்தக் கழுத்துதான் விஷயம். காயவைப்பது வேறு, பதப்படுத்துவது வேறு. வெங்காயத்தின் உள்ளே இருக்கும் ஈரத்தை நாங்கள் போக்குவதில்லை, அது இருக்கத்தான் வேண்டும். வெளித்தோல் இரண்டு மூன்றையும் கழுத்தையும் மட்டும் காயவைத்து மூடுகிறோம். கழுத்து மூடினால் பூஞ்சணத்துக்கும் பற்றீரியாவுக்கும் உள்ளே போக வழி இல்லை. மூடாவிட்டால் அதுவே வாசல். நல்ல காற்றோட்டம் இருந்தால் தோல் மூன்று நாளில் காயும், கழுத்துக்குப் பத்து நாளாவது வேண்டும். அடி உரத்தோடு நிறுத்தாமல் கடைசி மாதத்திலும் யூரியா போட்டிருந்தால் கழுத்து தடித்து, அதற்கு மேலும் இழுக்கும். கிண்டுவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே தண்ணீர் இறைப்பதை நிறுத்துவதும் இதற்காகத்தான்.

இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் எனக்கு முன்னால் உள்ள வழிகளைப் பார்க்கிறேன்.

முதல் வழி, வைக்காமலே விடுவது. வியாபாரி லொறியோடு தோட்டத்துக்கு வருவார், ஈர வெங்காயத்தை நிறுத்து ஏற்றிக்கொண்டு தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போவார். பலரும் இதைத் தோல்வி மாதிரிப் பேசுகிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்கைப் பாருங்கள். போன வருடம் தனியாக 50 கிலோ நிறுத்து வைத்துப் பார்த்தேன். நிழலில் பத்து நாள் கிடந்தபின் 44 கிலோ. கார்த்திகைக் கடைசியில் கழிவைப் பொறுக்கி எறிந்துவிட்டு நிறுத்தபோது 36 கிலோ. கணக்கு இலகுவாக இருக்கட்டும் என்று ஈரத்தில் கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோவுக்கு 5,000. பத்து நாள் கழித்து அதே 5,000 வர வேண்டுமென்றால் கிலோ 114 ரூபாய் போக வேண்டும். கார்த்திகையில் 139 ரூபாய். அதற்குக் கீழே விலை நின்றால், வெங்காயத்தைக் காத்துக் கிடந்ததற்கு நான்தான் கூலி கொடுத்திருக்கிறேன்.

விலை ஏறுமா என்பது எங்கள் கையிலும் இல்லை, தம்புள்ளையின் கையில்கூட முழுதாக இல்லை. 2023 டிசம்பர் 8 அன்று இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. 2024 மே மாதம் வரை அந்தத் தடை இருந்தது. பம்பாய் வெங்காயம், அதாவது பெரிய வெங்காயம், வராததால் சின்ன வெங்காயம் வைத்திருந்தவர்களுக்கு யோகம். அதைப் பார்த்து அடுத்த வருடமும் வைத்திருந்தவர்கள் எல்லாருக்கும் அதே யோகம் அடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே முழுதையும் வைத்துச் சூதாட நான் தயாரில்லை. ஈரமாக முழுதையும் கொடுக்கவும் மனமில்லை: தாளும் மண்ணும் என்று வியாபாரி கழிக்கும் கிலோவுக்கு ஒரு நியாயம் கிடையாது. பத்தாம் நாள் கழுத்து மூடிய பிறகு விற்றால் அந்தக் கழிவுப் பேச்சு இல்லை, லொறியில் அழுகாது என்பதால் அவரும் கொஞ்சம் ஏற்றிக் கேட்பார்.

சரி, அந்தப் பத்து நாளைக்கு எங்கே போடுவது?

தோட்டத்திலேயே போடுவது இங்கே எல்லாரும் செய்வது. கிண்டிய வெங்காயத்தை வரிசையாகக் கிடத்தி, ஒரு வரிசையின் தாள் முந்திய வரிசையின் கிழங்கை மூடும்படி வைப்பார்கள். இந்த மூடுதல் முக்கியம். ஆவணி வெயிலில் மணல் மத்தியானம் கால் வைக்க முடியாத அளவுக்குச் சுடும். மூடாத கிழங்கின் ஒரு பக்கம் அவிந்து வெளுத்துப்போகும், பிறகு அந்த இடத்தில்தான் முதலில் அழுகும். செலவு இல்லை, தூக்கிச் சுமக்கும் வேலை இல்லை. ஆனால் எங்கள் பக்கம் கடல் கிட்ட. என்னிடம் ஒரு சின்ன ஈரப்பதமானி இருக்கிறது. போன ஆவணியில் பகல் இரண்டு மணிக்கு 58 காட்டிய அதே இடத்தில் விடியப்புறம் 79 காட்டியது. பகல் முழுக்கக் காய்ந்தது இரவில் கொஞ்சம் திரும்பக் குடிக்கிறது. மூன்று நாலு நாளைக்குத் தோட்டம் போதும், தாள் வாடிப் பிடிகட்டும் பதத்துக்கு வந்துவிடும். பத்து நாளும் அங்கேயே கிடத்துவது சரியில்லை. அதோடு மாடு. எங்கள் ஊரில் இரவு மாடு எந்த வேலியையும் மதிப்பதில்லை.

உரப்பையைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். அது கொண்டுபோவதற்கு, வைப்பதற்கு அல்ல. வெங்காயம் உயிரோடு இருக்கிறது, மூச்சு விடுகிறது, மூச்சில் சூடும் ஈரமும் வருகிறது. பிளாஸ்ரிக் இழையில் நெய்த பை அந்த ஈரத்தை இலகுவில் வெளியே விடாது. சிவப்பு வலைப்பை பரவாயில்லை, பதப்படுத்திய வெங்காயத்துக்கு நல்லது. அதையும் ஐந்து ஆறு பைக்கு மேல் அடுக்கினால் கீழே உள்ளது நசுங்கும், நடுவில் காற்று போகாது. தரையில் நேரே வைக்காமல் பலகை போட்டு, சுவரில் இருந்து ஒரு அடி தள்ளி வைத்தால் ஒரு மாதத்துக்குத் தாங்கும்.

பிடிகட்டித் தூக்குவதுதான் பழைய வழி. பெரியம்மா வீட்டில் அடுப்படிக்கு மேலே விதை வெங்காயம் எப்போதும் தொங்கும். புகை பட்டுக் கறுத்த தாள், உள்ளே மினுங்கும் கிழங்கு. அது ஒரு அந்தர், இரண்டு அந்தருக்கு. 80 அந்தரை அடுப்படியில் தூக்க முடியாது, கொட்டில் வேண்டும்.

கணக்குப் போட்டேன். இரண்டு கையடக்கத் தாளைச் சேர்த்து முடிந்து ஒரு பிடி கட்டினால் கிட்டத்தட்ட இரண்டு கிலோ. 12 அடித் தடியில் அரை அடிக்கு ஒரு பிடி போட்டால் 24 பிடி, 48 கிலோ. தடிக்கு ஒரு அந்தர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி 80 தடி. ஒரு அடி இடைவெளியில் ஒரு தட்டுக்கு 20 தடி, நாலு தட்டு. ஆக, 20 அடிக்கு 12 அடிக் கொட்டிலில் முழுதும் அடங்கும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாலாயிரம் கிலோ முழுதும் கூரைக் கட்டிலிலும் தூணிலும் தொங்கப் போகிறது. கிடுகுக் கொட்டிலுக்கு நடும் கம்புகள் போதாது, பனங்குற்றியாவது இரும்புக் குழாயாவது வேண்டும். ஒவ்வொரு தடிக்கும் நடுவில் ஒரு தாங்கு வேண்டும், இல்லாவிட்டால் தொய்ந்து பிடியெல்லாம் நடுவுக்கு வழுக்கி வரும். இரண்டாயிரம் பிடி கட்ட நாலு பேருக்கு மூன்று நாள் கூலி. இந்தக் கூலிதான் தூக்குவதில் பெரிய செலவு, கொட்டில் இல்லை. கொட்டில் பத்து வருடம் நிற்கும், கூலி ஒவ்வொரு வருடமும் வரும்.

இவ்வளவு செலவுக்கும் கிடைப்பது என்ன? ஒவ்வொரு பிடிக்கும் நாலு பக்கமும் காற்று. ஒன்று அழுகினால் பக்கத்துப் பிடிக்கு இலகுவில் பரவாது, மூக்கால் தேடி அந்தப் பிடியை மட்டும் கழற்றிவிடலாம். தாள் முழுதாகக் காயும்போது கழுத்து தானாக முறுகி மூடிக்கொள்ளும், வெட்டிய கழுத்தைவிட இது இறுக்கம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது தெரிந்தவர் ஒருவரின் கொட்டிலுக்குள் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நின்றது. தூக்கியிருந்ததில் அடித்தட்டுப் பிடிகள் மட்டும் போயின. அதே ஒழுங்கையில் தரையில் குவித்து வைத்தவரிடம் மிஞ்சியது ஒன்றும் இல்லை.

கொட்டிலை எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவது என்பதில் எனக்கும் மச்சானுக்கும் இரண்டு நாள் வாக்குவாதம். அவர் வீட்டுப் பக்கம் வாசல் வரட்டும் என்கிறார். நான் சொல்வது, நீளப் பக்கம் மேற்கைப் பார்க்க வேண்டும். கச்சான் மேற்கில் இருந்து வருகிறது, மலை கடந்து வறண்டு வருகிற காற்று, வெங்காயத்துக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. அது கொட்டிலின் குறுக்கே புகுந்து போகட்டும். வாடைக் காலத்தில் மழைச் சாரல் வடகிழக்கில் இருந்து அடிக்கும், அந்தப் பக்கத்துக்குக் கிடுகுத் தட்டியும் அதன் வெளியே தறப்பாளும். தறப்பாளைச் சுற்றிவரக் கட்டி அடைத்துவிட்டால் உரப்பைக்கும் கொட்டிலுக்கும் வித்தியாசம் இல்லை. கார்த்திகையில் காற்றின் ஈரம் பகலிலேயே 80-ஐத் தாண்டும். அந்த ஈரத்தில் காற்றும் அடைபட்டால் கிழங்கின் அடியில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும்.

அடுத்தது தட்டு. கம்பி வலையோ மூங்கில் சிலாகையோ அடித்த பரண், ஒன்றுக்கு மேல் ஒன்றாக. தாளை இரண்டு விரல்கடை விட்டு வெட்டி, கிழங்கை ஒரு அடி உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புவது. பிடிகட்டும் கூலி மிச்சம், புரட்டுவதும் பொறுக்குவதும் இலகு. விவசாயப் போதனாசிரியர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள், பம்பாய் வெங்காயத்துக்கு இது பொருத்தம்தான். சின்ன வெங்காயத்தில் ஒரு குறை: கிழங்கு சிறிது என்பதால் நெருங்கி அடைந்துகொள்ளும், ஒரு அடிக்குள்ளேயே நடுவில் காற்று போகச் சிரமப்படும். மின்விசிறி ஒன்றைக் கீழே வைத்து ஊதினால் அந்தக் குறை தீரும். ஆனால் விசிறியை எப்போது போடுவது என்பதில் கவனம் வேண்டும். காலை ஒன்பதுக்குப் போட்டு மாலை ஐந்துக்கு நிறுத்த வேண்டும். இரவில் ஓடவிட்டால் கடல் ஈரத்தைக் காசு கொடுத்து உள்ளே இறைக்கிற மாதிரி. நேரம் பாராமல் ஓடவிட்டுக் கரும்பூஞ்சணத்தை வளர்த்தவர்களை எனக்குத் தெரியும்.

குளிரறையைப் பற்றிக் கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். தம்புள்ளையில் இந்திய உதவியோடு கட்டிய 5,000 மெட்ரிக் தொன் களஞ்சியம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட பிறகு இந்தப் பேச்சு இன்னும் அதிகம். வெங்காயத்துக்குக் குளிர் என்றால் பூச்சியம் பாகைக்குக் கிட்ட இருக்க வேண்டும், ஈரப்பதம் 65 முதல் 70-க்குள். அல்லது குளிரே வேண்டாம், 25 முதல் 30 பாகையில் காற்றோட்டமாக இருந்தாலும் உறங்கும். ஆபத்து நடுவில்தான். 10, 15 பாகை என்றால் வெங்காயம் மழைக்காலம் வந்துவிட்டது என்று எழும்பி முளைக்கத் தொடங்கும். மீனுக்கோ மரக்கறிக்கோ வைத்திருக்கும் அறையில் ஒரு மூலை கிடைத்தது என்று கொண்டுபோய் வைப்பது அதனால் வீண். நூறு கிலோமீற்றருக்கு மேல் ஏற்றுக்கூலி கொடுத்துக் கொண்டுபோய், வெளியே எடுக்கும்போது குளிர்ந்த கிழங்கு வியர்த்து நனையும், அந்த நனைவு காயும்வரை பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். ஆயிரம் அந்தர் வைத்திருக்கும் வியாபாரிக்கு அது சரிவரலாம். எனக்குச் சரிவராது.

பொலித்தீன் கூடாரத்தில் காயவைப்பது மிளகாய்க்குத்தான். உள்ளே 45 பாகையைத் தாண்டிவிடும், வெங்காயம் அவிந்துபோகும்.

இனி விதை. இதை நான் வேறாகப் பார்க்கிறேன். மழை ஓய்ந்து மார்கழிக் கடைசியிலோ தையிலோ நடுவதற்கு எனக்கே 10 அந்தர் அளவில் வேண்டும். புதிதாகக் கிண்டியதை உடனே நட்டால் ஒன்றுபோல முளைக்காது, உறக்கம் தெளிய வேண்டும். ஆவணியில் கிண்டியது தைக்கு நல்ல பதத்தில் இருக்கும். ஆனால் நடுவில் இருக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றையும் தாண்டியாக வேண்டும், திருகோணமலையில் வருட மழையில் பெரும்பங்கு கொட்டுவது அப்போதுதான். விற்கும் வெங்காயத்தில் பத்தில் இரண்டு அழுகினால் காசு நட்டம். விதையில் அழுகினால் நோயையும் சேர்த்து அடுத்த பாத்திக்குக் கொண்டுபோகிறோம். அதனால் விதைக்குத் தூக்குவதைத் தவிர வேறு எதையும் நான் யோசிக்கவில்லை. மார்கழியில் விதை தேடி அலைகிறவர்கள் எங்கள் பக்கம் எப்போதும் இருப்பார்கள், மிச்சம் இருந்தால் விற்கச் சிரமமில்லை.

இப்படிப் பிரித்திருக்கிறேன். 80-ஐயும் முதல் மூன்று நாலு நாள் தோட்டத்தில் தாள் மூடிக் கிடத்துவது. பிறகு மாமரத்துக்குக் கீழே நிழலில், அடியில் பலகை போட்டு, மெல்லிய பரப்பாக ஒரு கிழமை. அதில் பெரிய கிழங்கும் தடித்த கழுத்தும் உள்ளதை முதலில் பொறுக்கி ஒதுக்க வேண்டும், அவை எந்த வழியில் வைத்தாலும் நிற்காது. அவற்றையும் சேர்த்து 40 அந்தர் அப்போதே வியாபாரிக்கு, தடித்த கழுத்தை உடனே கறிக்கு விற்கும்படி சொல்லித்தான் கொடுப்பேன். 28 அந்தர் பிடிகட்டித் தூக்குவது, நடுத்தரக் கிழங்கு மட்டும், விதையும் இதற்குள்தான். 28 தடி, நாலு தட்டு, தட்டுக்கு ஏழு. ஆக எனக்கு 20 அடிக் கொட்டில் தேவையில்லை, 12 அடிக்கு 8 அடி போதும். பிடிகட்டும் கூலியும் நாலு பேருக்கு ஒரு நாளோடு முடியும். மிச்சம் 12 அந்தர் தட்டில். இது விருப்பத்தால் அல்ல. எவ்வளவு கவனமாகக் கிண்டினாலும் தாள் அறுந்த உதிரி வரும், அதைப் பிடிகட்ட முடியாது. தட்டில் உள்ளது புரட்டாசிக்குள் விற்றாக வேண்டும், மழைக்குள் அதைக் கொண்டுபோக மாட்டேன்.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது கணக்கையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டா.

"பத்தாம் நாள் கழுத்து மூடாட்டி லொறி வந்து நிக்குமே, என்ன செய்வாய்?"

அதற்கு நான் யோசித்திருக்கவில்லை. வியாபாரியிடம் நாள் சொல்லியாகிவிட்டது. நேற்று மாலை அவருக்கு அழைத்து, நாளைச் சொல்லாமல் கழுத்தைச் சொன்னேன்: உருட்டிப் பார்த்து வழுக்காத அன்றைக்கு அழைக்கிறேன், அடுத்த நாள் லொறி அனுப்புங்கள் என்று. கொஞ்சம் முணுமுணுத்தார், பிறகு சரி என்றார். இப்போது பனங்குற்றி எட்டு கேட்டு வைத்திருக்கிறேன். தடி வெட்ட மச்சான் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், வாசல் எந்தப் பக்கம் என்ற பேச்சு அன்றைக்குத் திரும்பவும் வரும்.